ஹில்லெவி கொல்லாத ஆள்

சவப்பெட்டியின் மேல் ஊதா நிற லூபின் பூவை வைத்துவிட்டு ரக்னார் தலையைத் தாழ்த்தினார். பின்னால் ஆளுக்கொரு பூவோடு ஊரே வரிசையில் நின்றது. மகள் தூவா அவர் முழங்கையைப் பிடித்து இடத்துக்குக் கூட்டிவந்தாள்.

உள்ளே இருப்பது அவர் மனைவி ஹில்லெவி. அவளுடைய கொலை நாவல் ஒன்றைப் பையில் போடாமல் சுவீடனில் எவரும் கோடை விடுமுறைக்குக் கிளம்புவதில்லை. அத்தனை கொலையும் இந்தச் சின்னத் தீவிலேயே நடக்கும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஊர்க்காரர்களையே ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டினாள். ஊருக்கு அதில் கொள்ளைப் பெருமை. புத்தகம் வந்த வாரமே, செத்தவர் ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல வருவார். ரக்னார்தான் காபி போட்டுக் கொடுப்பார்.

அவரை மட்டும் அவள் கொல்லவே இல்லை.

ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப்போக உறுத்தியது. "கொல்றதுக்குக்கூட லாயக்கில்லாத ஆளா நான்?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டார். "உருளைக்கிழங்கு வெந்துடுச்சா பாரேன்" என்றாள் அவள். இறால் பிடிக்கிறவனிடம் கதைக்கு என்ன இருக்கிறது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். இனி கேட்கவும் ஆள் இல்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் காபி. இறால் அடுக்கிய சாண்ட்விச் கேக்கை எல்லோரும் தட்டில் வாங்கிக்கொண்டார்கள். மளிகைக்கடை ஸ்டூரே கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்தார்.

"மொத மொதல்ல செத்தது நான்தான். என் கடை ஃப்ரீசருக்குள்ளயே என்னைப் போட்டு மூடிட்டா. அந்தக் கோடை பூரா வந்தவன் போனவன்லாம் ஃப்ரீசரைத் தொறந்து பாத்து, ஐஸ்கிரீம் எல்லாம் உருகிப் போச்சு!"

கூடமே சிரித்தது. பாதிரியார் அன்னெலி எழுந்தாள். "என்னை மணிக்கூண்டுலேருந்து தள்ளிவிட்டாங்க. பிஷப் போன் போட்டு, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

"நீ எப்படிடா செத்தே, ரக்னார்?" சிரித்த வேகத்தில் ஸ்டூரே கேட்டுவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊருக்கே தெரிந்த விஷயம் அது.

"நான் சாகலயே" என்றார் ரக்னார். "என்னைப் பத்தி எழுத அவளுக்கு ஒண்ணும் கெடைக்கல போல."

தூவா அப்பாவைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தாள்.

"அட மடையா" என்றது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். மாய். ஓய்வு பெற்ற நர்ஸ். எந்த விஷம் எத்தனை நேரத்தில் ஆளைக் கொல்லும் என்று ஹில்லெவி கேட்பது அவளிடம்தான்.

"ஒவ்வொரு புத்தகத்துக்கும் மொதல்ல உன்னைத்தான்டா கொல்லப் பாப்பா. படகு மட்டும் தனியா திரும்பி வர்ற மாதிரி எழுதுவா. எழுதிட்டு என் அடுப்படியில வந்து உக்காந்து அழுவா. உன் படகுச் சத்தம் கேக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. 'முடியல மாய், வேற யாரையாவது போட்டுடறேன்'ம்பா."

"அப்போ நான்?" என்றார் ஸ்டூரே.

"நீயும்தான், அன்னெலியும்தான். இங்க இருக்குற பாதிப் பேர் இவனுக்குப் பதிலா செத்தவங்கதான்."

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. ரக்னார் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் விடிகாலையில் அவர் விசிலடித்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். இங்கே ஒருத்தி பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் சீக்கிரம் திரும்பியிருக்கலாம் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. ஸ்டூரே தன் கைக்குட்டையை நீட்டினார்.

மறுநாள் காலை தூவாவை அக்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மழை விட்டுக் கடல் அசையாமல் கிடந்தது. படகில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பிக் கொட்டகைக்குப் போனார். வெளியே வந்தபோது, விலை அட்டைகூடக் கிழிக்காத ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதன் கொக்கி அவருக்குப் பிடிபடவில்லை.

தூவா பையைக் கீழே வைத்துவிட்டு அதை மாட்டிவிட்டாள்.