மேனேஜர் படுத்திருக்கும் இடம்

மேஸ்திரி கையை உயர்த்தியதும் மண்வெட்டிகள் நின்றன. சரிவின் அடியில் படுத்திருந்த பெரிய நாய் தலையைத் தூக்கியிருந்தது. எல்லோரும் அதன் காதுகளைப் பார்த்தார்கள். நாய் ஒரு கொட்டாவி விட்டு மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல. தோண்டுங்க."

மற்றவர்கள் காதைப் பார்த்தபோது கொடிக்காரன் கழுத்தைப் பார்த்தான். சேறு அப்பிய ஒரு சாண் நைலான் கயிறு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அது அவன் கட்டிய கயிறு. அக்கா வருவதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும்.

மலையை வெட்டிச் சாலையை அகலமாக்கும் கூட்டம் அது. வளைவில் நின்று சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துவது அவன் வேலை. அதை வாங்கிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். அவர் அங்கே பொக்லைன் ஓட்டினார். கூட்டத்தோடு இரண்டு நாய்களும் உண்டு. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதால் பெரியதற்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் செய்வதையெல்லாம் தானும் செய்வதால் சின்னது அசிஸ்டெண்ட். இரண்டும் சரிவின் அடியில் படுத்திருக்கும் வரை மலை சும்மா இருக்கும். எழுந்து சாலைப் பக்கம் நடந்தால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். மூன்று வருடத்தில் நான்கு தடவை ஓடியிருக்கிறார்கள். நான்கு தடவையும் கல் விழுந்தது.

"மேனேஜர் படுத்திருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மாமா சாப்பிடும்போது சொல்வார். அதற்காகவே அக்கா அவருடைய சாப்பாட்டுப் பையில் தினமும் இரண்டு பன் கூடுதலாக வைப்பாள்.

இன்று காலை பெரிய இன்ஜினியர் பார்வையிட வந்தார். போன தடவை மேனேஜர் அவருடைய ஜீப் டயருக்கு மரியாதை செய்துவிட்டதால், "அவர் போற வரைக்கும் கட்டி வை" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சாமான் கொட்டகைக்குப் பின்னால் அவன் இரண்டையும் கட்டினான். இன்ஜினியர் பத்து மணிக்கே கிளம்பிவிட்டார். பத்தரைக்கு மாமா போன் செய்தார்.

"என்னடா, நாய் இந்தக் கத்து கத்துது?"

"பன்னுக்குத்தான் மாமா."

"இன்னுமா அவுக்கல? முதல்ல அவுத்து விடு."

"டீ குடிச்சிட்டு அவுக்கறேன்."

டம்ளரில் பாதி டீ மிச்சமிருந்தது. மேனேஜர் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அவனைத் தாண்டிச் சாலைக்கு ஓடியது. அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மலை இறங்கிவிட்டது. புழுதிக்குள் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடியபோது அவன் கொட்டகைக்குப் பின்னால் போய் அசிஸ்டெண்டை அவிழ்த்து விட்டான். யாரும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பொக்லைனின் கேபின் தெரிந்தது. மேஸ்திரி உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு மாமாவின் கழுத்தைத் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்து, யாரையும் பார்க்காமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே உடல் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. மேலே சரிவில் புதிதாக ஒரு விரிசல் ஓடியதால் இயந்திரம் எதையும் கொண்டுவர முடியவில்லை. நாய்கள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்து படுத்த பிறகுதான் ஆட்கள் உள்ளே போனார்கள்.

"இந்தத் தடவ நாய்க்குக்கூடத் தெரியாமப் போச்சு பாரு" என்றார் பாறையில் துளை போடுகிறவர்.

அதைக் கேட்டதும் கொடிக்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. மாமா அங்கே பாதி மண்ணில் கிடக்கிறார், இவன் ஒரு சாண் கயிற்றை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு பன்னை நீட்டியபடி நாயை நெருங்கினான். மேனேஜர் எழுந்து நான்கு அடி தள்ளிப் போனது. உள்ளே மூன்று பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"ஏண்டா, நாயை எழுப்பி எங்க உசுரை எடுக்கறியா?" என்றார் மேஸ்திரி. "இந்தப் பக்கமே வராதே."

அவன் சாலையோரத்துக்குத் திரும்பினான். அக்காவை அழைத்துவர ஜீப் போய் ஒரு மணி நேரமாகிவிட்டது. கீழே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வளைவை எட்டிப் பார்த்தான்.

மூன்று மணிக்கு மேல் இரண்டு நாய்களும் சேர்ந்து எழுந்தன. இந்தத் தடவை கொட்டாவி இல்லை. நேராகச் சாலையை நோக்கி நடந்தன. எல்லோரும் ஓடிவந்தார்கள். கேபினுக்கு இந்தப் பக்கம், துளை போடுகிறவர் நின்ற இடத்தில், ஒரு வண்டிக் கல் வந்து விழுந்தது.

புழுதி அடங்கியது. "நாய்க்கு நல்லாத்தானே தெரியுது" என்றார் மேஸ்திரி. "பின்ன காலையில மட்டும் எப்படி?"

அவர் கொடிக்காரனைத்தான் பார்த்தார். அவன் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

அக்கா இறங்கினாள். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது. வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக டிரைவர் மேஸ்திரியின் காதில் சொன்னார். அக்கா கேபினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். யாரோ மாமாவின் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம்மா" என்றார் மேஸ்திரி. "மேனேஜர் திரும்பிப் போய்ப் படுக்கணும். அப்பத்தான் நாங்க உள்ள போக முடியும்."

மதியம் முழுக்க இவன் கைக்கு அகப்படாத மேனேஜர், நேராகப் போய் அக்காவின் முழங்காலில் தாடையை வைத்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"கடைசியா உனக்குத்தான் போன் பண்ணாராமே. டிரைவர் சொன்னார். மாமா என்ன சொன்னார்?"

பொய் சொல்லத்தான் நினைத்தான். வாயில் உண்மைதான் வந்தது.

"நாயை அவுத்து விடச் சொன்னார்."

அக்காவின் கை நின்றது. "அவுத்தியா?"

"அவுத்தேன்க்கா."

கை தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் விரலால் சேற்றை வழித்தாள். உள்ளே நீல நிறம் தெரிந்தது. நுனியை எடுத்து, ஊசியில் நூல் கோப்பவளைப் போலக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நுனி மெல்லப்பட்டுப் பிரிபிரியாக இருந்தது. பிறகு முடிச்சைத் திருப்பினாள். எதைக் கட்டினாலும் அவன் போடுகிற இரட்டை முடிச்சு. அவள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கொடியையும் அவன்தான் கட்டியிருந்தான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நேரமாகுதும்மா. மேனேஜரை அனுப்புங்க."

அக்கா நகத்தால் முடிச்சை நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. கையை எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ அவுத்து விடு" என்றாள்.

அவன் மண்டியிட்டான். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. விரலுக்கு வராததால் பல்லால் கடித்து இழுத்தான். நாய் அசையாமல் நின்றது. கயிறு கழன்றதும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தது. அசிஸ்டெண்ட் பின்னாலேயே போனது. பழைய இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி மேனேஜர் படுத்தது. ஆட்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அக்கா கையை நீட்டினாள். அவன் கயிற்றை அதில் வைத்தான். அவள் அதை இரண்டாக மடித்து, சாப்பாட்டுப் பைக்குள் பன்களுக்குப் பக்கத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.