சுரங்கத்திலிருந்து அழைத்து வந்தது

மஞ்சள் ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டத் தெரியாமல் விஜயராணி திணறினாள். நசீர் மாமாதான் மாட்டிவிட்டார். தாராவியில் அவர் வீடு அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. அப்பா சுடலைக்கண்ணனோடு இந்தச் சுரங்கத்தில் வயரிங் வேலை பார்த்தவர். நேற்று மத்தியானம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது பக்கத்தில் இருந்தவரும் அவர்தான்.

உடம்பு நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கிடைக்கும் என்றார்கள். அதற்குள் அம்மா அவளை இங்கே அனுப்பிவிட்டாள்.

"உசுரு போன எடத்துல நின்னு மூணு தடவ கூப்பிடு. பெறவு திரும்பிப் பாக்காம கூட்டிட்டு வந்துரு. இல்லன்னா அவிய அங்கனயே நிப்பாவ."

விஜயராணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அம்மாவோடு வாதாடத் தெம்பும் இல்லை.

தாணேயைத் தாண்டி, மலைக்கு அடியில், நாற்பது வருஷம் மூடிக் கிடந்த சுரங்கம். ஒரு கம்பெனி அதை எடுத்து உள்ளே ரெஸ்டாரன்ட், பௌலிங், ஆபீஸ்காரர்கள் மீட்டிங் போட ஹால் எல்லாம் கட்டியிருந்தது. லிஃப்ட் இறங்க இறங்கக் குளிர் காலில் ஏறியது. கதவு திறந்ததும் ஹிந்திப் பாட்டு, நீல விளக்கு, யாருடைய பர்த்டேக்கோ கட்டிய பலூன்கள். பலூன்களுக்குப் பின்னால் பாறையில் தண்ணீர் கசிந்தது.

பௌலிங் ஹாலுக்கு அப்பால், வேலை முடியாத பாதை ஒரு செங்கல் சுவரில் முட்டி நின்றது.

"இங்கனதாம்மா," என்றார் நசீர்.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு மாமா?"

அவர் தயங்கினார். "அந்தக் காலத்துல கூரை சரிஞ்சு ஒரு ஷிப்ட் ஆளுங்க பூரா உள்ள மாட்டிக்கிட்டாங்களாம். எடுக்க முடியல. அப்படியே அடச்சுட்டாங்க."

போன வாரம் அப்பா இங்கிருந்து போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "சொவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டுதாவ, ராணி. வேலைய விட்டுரட்டுமா?"

அவள் சிரித்திருந்தாள். "பம்ப் சத்தமா இருக்கும்ப்பா. பைத்தியம் மாதிரி பேசாதீங்க. நல்ல கம்பெனி, விட்றாதீங்க."

நசீர் போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போவோம்," என்றாள். அத்தனை பெரிய குகையில் எதிரொலியே இல்லை.

"அப்பா, வாங்க. வீட்டுக்குப் போவோம்."

மூன்றாவது தடவை 'அப்பா' தொண்டையிலேயே நின்றுவிட்டது. "வாங்க," என்று மட்டும் வந்தது. "வாங்க. வீட்டுக்குப் போவோம்."

சுவருக்கு அப்பால் ஒரு தட்டல். இன்னொன்று. பிறகு சுவர் நெடுகப் பல. எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. நசீரின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. விஜயராணி லிஃப்டை நோக்கி நடந்தாள். திரும்பவில்லை.

பத்துப் பேர் ஏறக்கூடிய லிஃப்ட். அவளும் நசீரும் மட்டும்தான் ஏறினார்கள். பாரம் அதிகம் என்று மணி அடித்தது. கதவு மூடவில்லை. நசீர் பட்டனை இரண்டு தரம் அமுக்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே இறங்கிவிட்டார்.

"நீ போம்மா. நான் படியில வாரேன்."

கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மிக மெதுவாக மேலே போனது.

டாக்ஸியில் அவள் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினாள்.

"பீச்சே ஆராம் ஸே பைட்டோ, மேடம்," என்று காலியாக இருந்த பின் சீட்டைக் காட்டினான் டிரைவர்.

"நஹி. டீக் ஹை."

தாராவிக்கு வந்து சேர்ந்தபோது உடம்பு வந்துவிட்டிருந்தது. சந்து முழுக்கப் பெண்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"வந்துட்டாவளா?"

"வந்துட்டாங்கம்மா."

அம்மா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். முகம் கனிந்தது. அடுத்த கணம் கண்கள் சந்தின் கடைசி வரைக்கும் போயின. வாசலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

விஜயராணி உள்ளே போனாள். அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. மூலையில் தண்ணீர் புழங்கும் மோரிக்குப் போய்க் கைகால் கழுவி, முகம் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி, வாசலில் இன்னும் வழிவிட்டு ஒதுங்கியே நின்றிருந்தாள்.