வழுக்காத தரை

கிசில்-புலாக் நகரத்தின் புதிய ஸ்கேட்டிங் அரங்கில் எல்லாம் இருந்தது. வாசலில் கொம்பு முளைத்த இரண்டு சிமெண்ட் ஆடுகள் நின்றன. துணை மேயர் கெங்கேஷ் ஷாரிபோவிச்சின் பெயர் பொறித்த கல் இருந்தது; அந்தக் கல் மட்டும் கண்ணாடி மாதிரி இழைக்கப்பட்டிருந்தது. தரை மட்டும்தான் இல்லை. அதாவது, ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுப்பவர்கள் தரை என்று எதைச் சொல்வார்களோ, அது.

இருந்தது நடைபாதைக் கல். உள்ளங்கை அகலத்தில் ஆயிரக்கணக்கான கற்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. போதாததற்கு நட்டநடுவில், நம் பண்பாட்டை வளர்ப்பதற்காக, கட்டைவிரல் உயரத்துக்குப் புடைத்த ஆட்டுக்கொம்புச் சித்திரம்.

ஜிபார் பையிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து உருட்டிவிட்டாள். அது இரண்டு கல் தாண்டி, மூன்றாவது இடைவெளியில் விழுந்து அசையாமல் நின்றது.

"படுத்துடுச்சு," என்றார் மார்லென். பதினோரு வருடமாக அவளோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் கோச். "பாவம், அதுக்கும் வயசாயிடுச்சு போல."

"சும்மா இருங்க பைகே. எனக்கு வயிறு எரியுது," என்றாள் ஜிபார். பைகே என்றால் அந்த ஊரில் அண்ணன்.

"ஆறு வருஷமா மனு போட்டியே, என்ன கேட்டே?"

"நாப்பதுக்கு இருபது மீட்டர். நடுவுல தூண் கூடாது. தரை வழவழன்னு இருக்கணும்."

"தூண் இல்லையே! கேட்டதுல ரெண்டு கெடைச்சிருக்கு. இந்த ஊர்ல கேட்டதுல ஒண்ணு கெடைச்சாலே ஆடு வெட்டுவாங்க."

தூண்களெல்லாம் பழைய கம்பளிக் கிடங்கில் இருந்தன. முப்பத்தொரு பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். நாற்பது வருடம் கம்பளி மூட்டைகளை இழுத்து இழுத்து, ஆட்டுக் கொழுப்பு ஊறிப்போய், அந்த சிமெண்ட் வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் கடைசிச் சுவர் வரை போகலாம், நடுவில் ஆறு இரும்புத் தூண்களில் ஒன்று பிடித்துக்கொள்ளாமல் இருந்தால். தூண்களுக்கு ஜிபார் பழைய மெத்தைகளைச் சுற்றியிருந்தாள். ஒரு தூணுக்கு அவளுடைய கல்யாணச் சீர் மெத்தை.

திறப்பு விழா சனிக்கிழமை பதினொரு மணிக்கு. ரிப்பன் வெட்டுவது அந்நியர் வழக்கம் என்று துணை மேயருக்குத் திடீரென்று தோன்றியிருந்தது. ஆகவே முதலடி வைக்கும் குழந்தைக்குக் கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் பிணைத்து, நடை தடையில்லாமல் வரட்டும் என்று அறுத்துவிடுவோமே, அதையே செய்வது, சக்கரம் மாட்டிய பிள்ளை ஒன்றின் காலில் கட்டி அவர் கையால் அறுப்பது என்று ஏற்பாடு.

ஜிபார் வெள்ளிக்கிழமையே அவர் அலுவலகத்தில் போய் நின்றாள்.

"கெங்கேஷ் ஷாரிபோவிச், எங்க பிள்ளைங்க வருஷக்கணக்கா உருள்றவங்க. கயிறு கட்டறது முதலடி வைக்கிறவங்களுக்குத்தானே?"

"அப்போ யாருக்குக் கட்டறது, தங்கச்சி?"

"உங்களுக்கு. நீங்க சக்கரத்துல நின்னதே இல்லையே. நான் அறுத்து விடறேன். டிவியிலயும் நல்லா இருக்கும்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. அவர் முகத்தில் அப்போதே கேமரா வெளிச்சம் விழுந்துவிட்டது.

திட்டம் எளிமையானது. ஆறு வருட மனுக்களைப் படிக்காத மனிதருக்கு, அந்தக் கல்லின்மேல் ஒரு நிமிடம் நின்றால் முழங்கால் எலும்பு படித்துச் சொல்லிவிடும். "கம்பு மாதிரி நிப்பான், தடால்னு விழுவான், தரையை மாத்துவான்," என்று மார்லென் கணக்குப் போட்டார். தன்னுடைய நாற்பத்துமூன்றாம் எண் ஸ்கேட்ஸையும் தியாகம் செய்தார்.

சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து துணை மேயர் கால் நீட்டினார். ஐம்பத்தெட்டு வயது, நூற்றுப்பத்துக் கிலோ, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஜிபார் மண்டியிட்டு நாடாவை இறுக்கினாள். முழங்காலுக்கும் மணிக்கட்டுக்கும் கவசம் மாட்டினாள். அவர் எழுந்தார். கண்களில் பயம் தெரிந்தது, முதல் நாள் வரும் ஐந்து வயசுக்காரன் கண்ணில் தெரியுமே, அதே பயம்.

அங்கேதான் அவள் கெட்டாள். சக்கரத்தில் ஒருவர் பயந்து நின்றால் அவர் யாரென்று அவளுக்கு மறந்துபோகும். அது ஒரு வியாதி.

"முட்டிய மடக்குங்க. இன்னும். நாற்காலியில உக்காரப் போற மாதிரி. பின்னால சாயாதீங்க! என் மூக்கைப் பாருங்க, கால பாக்காதீங்க. மூச்சு விடுங்க. ம், அப்படித்தான், அருமை!"

மார்லென் பின்னாலிருந்து இருமினார். மறுபடி இருமினார். அவள் காதில் விழவில்லை.

கயிறு கட்டினார்கள். ஜிபார் கத்தியால் அறுத்தாள். கூட்டம் கத்தியது. துணை மேயர் ஒரு காலால் தள்ளினார். முன்சக்கரம் கல் இடைவெளியில் இறங்கி மாட்டிக்கொண்டது. கம்பு மாதிரி நின்றிருந்தால் அந்த நொடியில் மூக்கு உடைந்திருக்கும். ஆனால் முட்டி மடங்கியிருந்தது. அவர் ஆடினார், அசைந்தார், நின்றார்.

"பாத்தீங்களா!" என்று கேமராவைப் பார்த்து முழங்கினார். "வழுக்கவே இல்ல! பெரிய பெரிய நகரத்துலயெல்லாம் தெனம் விழுந்து கை கால ஒடைச்சிக்கிறாங்க. இங்க இந்த வயசுல, முதல் நாளே, மலை மாதிரி நிக்கிறேன்!"

"அது தரையால இல்லீங்க," என்றாள் ஜிபார். "ஸ்கேட்டிங்னா உருளணும். இதுல உருளவே முடியாது."

"உருள்றத அப்புறம் பாத்துக்கலாம், தங்கச்சி. பாதுகாப்புதான் முதல்ல." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இன்னொரு விஷயம் கேள்விப்பட்டேன், மக்களே. நம்ம பிள்ளைங்க பழைய கம்பளிக் கிடங்குல பழகுதாம். தரை ஐஸ் மாதிரி வழுக்குதாம். தூணுக்கெல்லாம் மெத்தை கட்டி வெச்சிருக்காம், அவ்வளவு ஆபத்து! கிடங்கு நம்ம நகராட்சியோடதுதான். திங்கட்கிழமையிலிருந்து அங்கயும் இதே கல்லைப் பதிக்கிறோம். என்னோட அன்பளிப்பு!"

கைதட்டல் காதை அடைத்தது. பெற்றோர்கள்கூடத் தட்டினார்கள், போன மாதம் கிடங்குத் தூணில் மோதிக் கையில் பிளாஸ்டர் போட்ட பிள்ளையின் அம்மா எழுந்து நின்றே தட்டினாள்.

"வேணாங்க! அந்தத் தரையைத் தொடாதீங்க!" என்று ஜிபார் கத்தினாள்.

"சந்தோஷத்துல அழுறாங்க," என்று டிவிக்காரப் பெண் ஒலிவாங்கியில் சொன்னாள்.

அதற்குள் முன்வரிசைப் பெரியவர் எழுந்துவிட்டார். உள்ளங்கைகளை விரித்து ஏந்தி ஆசி சொல்லத் தொடங்கினார். கொடுத்தவர் கை நிறையட்டும், பிள்ளைகள் விழாமல் வளரட்டும், கல் நூறு வருடம் நிற்கட்டும். ஆசி நடக்கும்போது குறுக்கே பேசியவர்கள் இந்த ஊரில் இதுவரை யாரும் இல்லை. ஆசி முடிந்த காரியத்தை மாற்றியவர்களும் இல்லை. "ஓமின்" என்று ஆசியை ஏற்று முந்நூறு பேர் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

தன் கைகளும் முகத்திலிருந்து கீழே இறங்குவதை ஜிபார் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பழகிய கைகள். அவளைக் கேட்காமலே போய்த் தடவிவிட்டு வந்திருந்தன.

துணை மேயர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கால் நீட்டினார். மாட்டிவிட்டவளே கழற்றிவிடுவாள் என்று காத்திருந்தார். அவள் மண்டியிட்டாள்.

"ஒரு ரெண்டு நிமிஷம் அவனை விழ விட்டிருக்கலாம்," என்றார் மார்லென், மெதுவாக, அவள் தலைக்குமேல். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"எப்படி பைகே? நாடா கட்டினது நான்."

"எப்படி நின்னேன், தங்கச்சி? உண்மையச் சொல்லணும்," என்றார் துணை மேயர்.

மோசமாக நின்றீர்கள் என்று பொய் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"முட்டி நல்லா மடங்கியிருந்துச்சு," என்றாள். "தோளைத்தான் கொஞ்சம் தளர்த்தணும்."