மூன்றாவது பாட்டின் நடுவே

1999 பிப்ரவரி இருபதாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், திருப்பதியில் ஒரு காலேஜ் மைதானத்தில் நடந்த கச்சேரியின் சத்தம், அங்கே நின்று பார்த்த மூவாயிரம் பேரில் பாதிப் பேருக்கு இன்னும் வந்து சேரவில்லை. கலைவாணிக்கு வந்து சேர இருபது வருஷமும் நாலு மாதமும் ஆனது. பாடியவர்கள் 'பாகாலா ஜங்ஷன்' என்று பெயர் வைத்துக்கொண்ட நாலு பையன்கள். பாகாலா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்தே சிநேகிதமானவர்கள். சித்தூர் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கோயில் ஜாத்திரைக்கும் மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் சினிமாப் பாட்டுப் பாடிப் பிழைத்துக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் கிடாரும் டிரம்ஸுமாக, நாங்கள் எழுதியதைத்தான் பாடுவோம் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அதனாலேயே இவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு வரி தமிழ், மறு வரி தெலுங்கு. எங்கள் ஜில்லாவில் மனிதர்கள் பேசுவது அப்படித்தான், ஆனால் அப்படிப் பாடவும் செய்யலாம் என்று அதற்கு முன் யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாண வீடியோ கடையின் பின்னறையில் பதிவு செய்த ஒரே ஒரு கேசட், பிரதிக்குப் பிரதி தேய்ந்துகொண்டே, பங்காருபாளையம் மாங்காய் மண்டியிலிருந்து பிச்சாட்டூர் வரைக்கும் கை மாறிக்கொண்டிருந்தது.

அந்தக் கேசட்டைக் கலைவாணியிடம் கொண்டுவந்து கொடுத்தவன் பவன்குமார். அவன் மாங்காய் டெம்போ ஓட்டினான். அவள் கங்காதர நெல்லூர் மெயின் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய நைனா துலுக்காணம் பாதி ஆயுசை அடுத்தவர் கழனியில் கூலிக்குக் குனிந்தே கழித்தவர். சர்க்கார் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கர் மேட்டில் மாங்கன்று நட்டு, மகளை இன்டர் என்கிற பன்னிரண்டாவது வரை படிக்க வைத்திருந்தார். ஊரில் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. பூத்துக்கு வந்து கத்திப் பேசுகிறவர்களின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, லைனில் வருகிற இரைச்சலை வைத்தே அந்தப் பக்கம் எந்த நாடு என்று சொல்லிவிடுவாள் கலைவாணி. கேட்பதுதான் அவள் தொழில் என்றால் தப்பில்லை. பவன்குமாரிடம் இரவல் வாக்மேன் ஒன்று இருந்தது. இயர்போனில் ஒரு குழல் அவன் காதில், ஒரு குழல் அவள் காதில். அவளுக்குப் பாட்டு மட்டும் வரும், அவனுக்குக் கிடார் மட்டும் வரும். எட்டு மாதம் இப்படி ஆளுக்குப் பாதியாகக் கேட்டார்கள். முழுப் பாட்டையும் இரண்டு காதாலும் ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன்கள் மேடை ஏறினார்கள். பாடகன் ஹரிபாபு மைக்கின் முன்னால் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளில் சிவப்பு விளக்கு எரிந்தது, விரல்கள் கம்பியில் ஓடின, டிரம்ஸ்காரன் வேர்த்து விறுவிறுத்து அடித்தான், ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஊராக இருந்தால் கல் பறந்திருக்கும். எங்கள் ஜனம் அப்படியில்லை. புரியாத இடத்துக்குப் போனால் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். ராக் இசை என்றால் காதைச் செவிடாக்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், தன் காதுதான் போய்விட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள். வெளியே சொன்னால் பட்டிக்காடு என்பார்களே. அதனால் டிரம்ஸ்காரனின் குச்சியைப் பார்த்துப் பார்த்து மூவாயிரம் பேரும் தலையை ஆட்டினார்கள், பாட்டு முடிந்ததாகத் தெரிந்தபோதெல்லாம் கை தட்டினார்கள். கலைவாணியும் தட்டினாள். தன் கைச் சத்தமே தனக்குக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் பவன்குமாரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் நடிக்கவில்லை. அந்த மைதானத்தில் ஒன்பது பேருக்கு மட்டும் சத்தம் அங்கேயே, அப்போதே கேட்டது. அவன் அதில் ஒருவன்.

மூன்றாவது பாட்டின் நடுவே டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே தவறவிட்டான். அவன் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பவன்குமார் அவள் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். மூச்சுக்காற்று சூடாகக் காதில் படுவது தெரிந்தது, வார்த்தை ஒன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான். ஒரு பெண்ணின் காதில் ஒருவன் அவ்வளவு நேரம் என்ன கேட்பான்? இதைத்தான் கேட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கமும் சந்தோஷமும் பொங்க, இரண்டு தரம் தலையாட்டினாள். அவன் எதற்கோ ஒருதரம் திரும்பிப் பின்னால் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கச்சேரி முடிகிற வரை விடவில்லை.

மறுநாளைக்குள், சத்தம் வராததும் ஒன்பது பேருக்கு மட்டும் கேட்டதும் ஜில்லா முழுக்க வெட்டவெளிச்சமாகிவிட்டன. பவன்குமார் பூத்துக்கு வந்தான்.

"எல்லாரும் சத்தமே வர்ல, சத்தமே வர்லன்றாங்க. உனுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் ஒன்பது பேரில் தானும் அவனும் இரண்டு பேர் என்பது எத்தனை பெரிய பொருத்தம். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்னொரு தரம் கேட்க வைத்தால் அந்தக் கேள்வி அதே மாதிரி வருமோ வராதோ என்ற பயமும் இருந்தது.

"எனுக்கு நல்லாதான் கேட்டுச்சி" என்றாள்.

"அவுனா? அப்டியா? அப்ப சரி" என்றான் அவன். முகம் ஒரு மாதிரி வாடியது. அதை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவன் குவைத்துக்கு விமானம் ஏறினான். சம்பாதித்துக்கொண்டு வந்துதானே கட்டிக்கொள்ள முடியும் என்று அவள் தைரியமாக வழியனுப்பி வைத்தாள்.

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. மைதானத்து வாசலில் டீ விற்றவருக்குப் பதினோராம் நாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. காலேஜ் வாட்ச்மேனுக்கு ஆறு மாதம் கழித்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது. திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பையன் ராம்ப்ரசாத் வீட்டுக்குத் தெரியாமல் கச்சேரிக்குப் போயிருந்தான். அவனுக்கு அடுத்த மார்கழியில், பெரியவர்களோடு நின்று பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தபோது வந்தது. வாய் பாசுரத்தை விடவில்லை, விரல்கள் மட்டும் தொடையில் தாளம் போட்டன. கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனவர்களுக்கு அங்கேயே போய்ச் சேர்ந்தது. ஒருவருக்கு வருவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அவரவர் நின்ற இடத்தில் என்ன கேட்டிருக்குமோ அதுதான், பக்கத்தில் நின்றவரின் தும்மலோடு சேர்ந்து, ஒன்றரை மணி நேரம் ஓடி நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து கலைவாணி காத்திருந்தாள்.

குவைத்திலிருந்து பவன்குமார் எழுதிய கடிதங்கள் பதினாலு. அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். 'அன்னிக்கி நீ சொன்ன மாதிரியே நடந்துக்கினு இருக்கேன்' என்று ஒன்றில் இருந்தது. எதைச் சொன்னேன் என்று கேட்டு எழுத அவளுக்குக் கை வரவில்லை. பொய் சொன்னது தெரிந்துவிடுமே. நேரில் வரட்டும், சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். கடைசிக் கடிதத்தில் கச்சேரியைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: 'நீ தலையாட்டனப்ப நம்ம பின்னாடி ஒரு வயசான பொம்பள, வேணாம், போவாத அப்டீன்னு சொல்லிக்கினு இருந்தா. திரும்பிப் பாத்தேன், அந்த மாதிரி யாரும் இல்ல. அவ புள்ள ஸ்டேஜாண்ட ஓடிட்டிருப்பான் போல. இங்க வெயில்ல லாரி ஓட்டச் சொல்ல அந்தக் கொரலு காதுல கேட்டுக்கினே கீது. இன்னாத்துக்குன்னு தெர்ல.'

2001 ஆகஸ்டில் ஒரு மணற்காற்றில் லாரி கவிழ்ந்தது. பதினெட்டு நாள் கழித்துப் பெட்டி மெட்ராஸுக்கு வந்து, அங்கிருந்து ஊருக்கு வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் முன்னால் நிற்க, கலைவாணி பூத்துக்காரப் பெண்ணாகக் கடைசி வரிசையில் நின்றாள். பெட்டியின் மேல் விழுந்து அழ அவளுக்கு எந்த முறையும் இல்லை. அந்த அழுகை பிறகும் வரவில்லை. மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். காதில் விழாத ஒரு கேள்விக்குச் சம்மதம் சொல்லி வைத்திருக்கிறோம், அது இன்னது என்று தெரியாமல் இன்னொருவனுக்கு எப்படிக் கழுத்தை நீட்டுவது என்று மூன்றையும் தட்டிக் கழித்தாள். துலுக்காணம் கொஞ்ச நாள் திட்டினார், கொஞ்ச நாள் கெஞ்சினார், பிறகு மாமரங்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்திலிருந்து அவள் யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவதில்லை. காய்காரி கேட்டாலும் வாய் திறந்துதான் பதில்.

செல்போன் வந்தது, எஸ்.டி.டி. பூத்துக்குப் பூட்டு விழுந்தது. பாகாலா ஜங்ஷன் அதற்கு முன்பே கலைந்திருந்தது. இரண்டு பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள், ஒருவன் எங்கே என்று தெரியவில்லை. ஹரிபாபு மட்டும் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். ஒருதரம் கலைவாணி தேடிக்கொண்டு போனாள். முன்மண்டை வழுக்கையாகி உட்கார்ந்திருந்த அவனிடம் நேரடியாகவே கேட்டாள்.

"உங்குளுக்கு வந்துச்சா?"

"எங்கக்கா. பாடுனவன் எனுக்கே இன்னும் வர்ல. நல்லாப் பாடுனமா, மோசமாப் பாடுனமா, ஒண்ணும் தெர்ல."

"மூணாவது பாட்டு எப்டி வரும்? நான் பாதிதான் கேட்டுக்கீறேன்."

அவன் கடையில் நின்றவர்களை அனுப்பிவிட்டு மெதுவாகப் பாடிக் காட்டினான். குச்சி விழுந்த இடத்தில் நிறுத்தி, "இங்க தாளம் காலியா இருக்கும்க்கா. அப்பறம் கிடார் மட்டும் வரும்" என்றான். அந்தக் காலி இடம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் போனது.

2019 ஜூன் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கலைவாணி மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பெல்ட்டின் முன் நின்று அழுகல் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சீசன் உச்சத்தில் இருந்தது. தலையில் தொப்பி, கையில் உறை, பக்கத்தில் சுலோசனா. பதினொன்றரை மணிக்கு மெஷின் இரைச்சலுக்கு மேலே ஒரு கிடார் சுருதி சேர்த்தது. ஹரிபாபு, இருபது வயசுக் குரலில், வணக்கமும் நமஸ்காரமும் சொன்னான். கலைவாணி பழம் பொறுக்குவதை நிறுத்தவில்லை. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. வாக்மேனில் அவளுக்கு வராத பாதியும் சேர்ந்து, இரண்டு காதிலும் முழுசாகக் கேட்டது. இவ்வளவு அழகான பாட்டா இது என்று நினைத்தாள். மூன்றாவது பாட்டில் குச்சி விழுந்து உருளும் சத்தம் கேட்டது. தாளம் காலியானது. கிடார் தனியாக வந்தது.

"கல, குவைத்து விசா வந்துக்கீது. மாமா அனுப்பிட்டாரு. எனுக்குப் போவவே புடிக்கல. உன்ன வுட்டுட்டு, நம்ம பக்கத்த வுட்டுட்டு அங்க போயி இன்னா பண்ணப் போறேன். நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, டெம்போ ஓட்டிக்கினு இங்கியே கெடக்கறேன். நீ போன்னா போறேன். இன்னா சொல்ற, போவட்டா?"

அவனுக்கு இருபத்திரண்டு வயசு, அவளுக்கு நாற்பத்தொன்று. கட்டிக்கொள்கிறாயா என்று அவன் கேட்கவே இல்லை. இருபது வருஷமாக அவள் கட்டுப்பட்டுக் கிடந்தது அவன் கேட்காத ஒரு கேள்விக்கு. அவன் பதிலுக்காக நிற்கிற அந்த இடைவெளி கிடாரின் கீழே நீண்டுகொண்டு போனது. அதில்தான் ஒரு பெண் அத்தனை சந்தோஷமாக இரண்டு தரம் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது கலைவாணிக்குத் தெரியும். அவள் பெல்ட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன் முழு உயிரையும் சேர்த்து, "வேணாம், போவாத" என்றாள்.

சுலோசனா அவள் வாய் அசைவதைப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அது ஃபேக்டரியில் கேட்கவில்லை, கலைவாணியின் தொண்டையிலும் கேட்கவில்லை. திருப்பதியில், அந்த மைதானத்தில், தன் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் ஒரு வயசான பெண்ணின் கரகரத்த குரல் "வேணாம், போவாத" என்று சொன்னதை அவள் கேட்டாள். பவன்குமாரின் சட்டை உரசியது. அவன் திரும்பிப் பார்க்கிறான். அந்த மாதிரி யாரும் இல்லை.

"சரி கல. அப்ப போய்ட்டு வரேன். ரெண்டே வருசம்" என்றான்.

தாளம் மறுபடி சேர்ந்துகொண்டது. பாக்கி இருந்த ஒரு மணி நேரமும் அவன் அவள் காதுப் பக்கமாகக் கூடவே பாடிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சுருதியே நிற்காது. ஒரு பாட்டில் குரல் உடைந்தது. அவன் அழுதுகொண்டே பாடியிருக்கிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் கலைவாணி நகரவில்லை. பதினெட்டு வருஷம் வராத அழுகை தாடை வழியாகச் சொட்டியது. கடைசிப் பாட்டு முடிந்து மூவாயிரம் பேர் கை தட்டினார்கள். அவளும் கை உறையைக் கழற்றிவிட்டுத் தட்டினாள். பிறகு மெஷின் சத்தம் மட்டும் இருந்தது.

சுலோசனாவும் கங்காதர நெல்லூர்க்காரிதான். எங்கள் பக்கத்தில் இந்தக் கச்சேரியைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. அவள் தன் தூக்கின் மூடியில் கொஞ்சம் சோறு வைத்து நீட்டினாள்.

"வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சி."

"நல்லாப் பாடுனாங்களா?"

கலைவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலையாட்டவில்லை.

"நல்லாப் பாடுனாங்க" என்று வாய் திறந்து சொன்னாள். அது கேட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பெல்ட்டில் அடுத்த லோடு வந்துவிட்டது.