எதிரே வராதிருக்க என்ன விலை

சங்ககிரியிலிருந்து வீடு பார்க்க வந்த தவிட்டு வியாபாரி வாசற்படியில் வலது காலைத் தூக்கிய நேரம் பார்த்து, சௌந்திரம் காலிக்குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளேயிருந்து எதிரே வந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறுங்குடம். வியாபாரியின் கால் அந்தரத்தில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு வந்த வழியே கீழே இறங்கியது.

"மணி என்னாச்சுங்க? அடடா, ராகுகாலம் பொறக்குதாட்ட இருக்குது. இன்னொரு நாளைக்கு வாரனுங்க" என்றார். ராகுகாலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. போன அவசரத்தில் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

"கெணத்துக்குப் போறவ பொறவாசல்ல போறதுக்கென்ன கேடு?" என்று மருதாசலம் கத்தினார்.

"பொறவாசல்ல சுண்ணாம்பு காயலீங்க மாமா. யாரும் மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

மருதாசலம் அவள் கணவனின் அண்ணன். கணவன் சின்னுசாமி லாரியோடு தொப்பூர்க் கணவாயில் உருண்டு ஒன்பது வருஷமாகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டம் கலைவதற்குள், "ஆபீசு வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ எதுக்கு அலையோணும்" என்று பவர் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கினவர் அவர்தான். தம்பியைத் தின்றது அவள் கால்ராசிதான் என்று பந்தி பந்தியாகச் சொன்னவரும் அவர்தான். அதையெல்லாம்கூட அவள் செரித்துக்கொண்டாள். செரிக்காதது ஒன்று உண்டு. மருதாசலத்தின் மகள் பெரியநாயகி தாயில்லாத பிள்ளை. மூன்று வயதிலிருந்து தலைவாரி, சோறூட்டி வளர்த்தது சௌந்திரம். அந்தப் பெண்ணுக்கு இதே வீட்டில் முகூர்த்தம் நடந்தபோது, இவளைத் தட்டுப்போர் அறைக்குள் விட்டு வெளியே நாதாங்கி போட்டார்கள். மேளச் சத்தம் உச்சத்துக்குப் போய் அடங்கியதை வைத்துத் தாலி ஏறிவிட்டதென்று அவளாகக் கணக்குப் போட்டுக்கொண்டாள். சோளத்தட்டின் சுனை உடம்பெல்லாம் அரித்தது. மறுநாள் காலையில்தான் கதவு திறந்தது. மறந்துபோய்விட்டார்களாம்.

இப்போது திருச்செங்கோட்டில் காசு வைத்திருந்தவனெல்லாம் ரிக்கு வண்டி வாங்கி வடக்கே ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பிக்கொண்டிருந்தான். மருதாசலத்துக்கும் ஒரு கூட்டு அமைந்தது. பங்கு போட வீட்டை விற்க வேண்டும், அதுவும் ஆனிக்குள். ஆடி பிறந்துவிட்டால் ஒருத்தன் வீடு வாங்க மாட்டான். ஆவணி வரை கூட்டாளிகள் காத்திருக்க மாட்டார்கள்.

தரகர் மாதையன் முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் இருந்துவிட்டு வீட்டுத் தரகுக்கு வந்தவர். விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, எண்ணெய் தடவுகிற அதே கையால் வீட்டையும் தொட்டார். "செவுத்து வெடிப்புல காலண்டர மாட்டுங்க. சுண்ணாம்புல நீலம் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. பக்கத்தூட்டுக் கறவை மாட்டைக் கன்னோட கொண்டாந்து வாசல்ல கட்டுங்க, பொலிவாத் தெரியும். ஆளு வார நேரத்துக்கு உள்ள நெய் காயோணும்" என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார். "அம்மிணி மட்டும் எதுக்கே குறுக்கே வராம பாத்துக்கங்க."

வேலை முழுதும் சௌந்திரத்தின் தலையில்தான். தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் தேய்த்தாள். சிவப்புக் காவித் தரையைத் தேங்காய் நார் போட்டு முகம் தெரியுமட்டும் தேய்த்தாள். பரண் ஒட்டடை, ஓட்டுக் குருவிக்கூடு, பாத்திரத்துக் களிம்பு ஒன்றும் மிச்சமில்லை. வீடு எவ்வளவு பளபளக்கிறதோ அவ்வளவு ஆசையோடு ஆள் வரும். ஆசையோடு வந்தவன் திரும்பிப் போகும்போதுதான் மச்சாண்டார் மருதாசலத்தின் முகம் பார்க்க நன்றாக இருந்தது. ராசிபுரத்து வாத்தியார் குடும்பத்துக்கு அவள் விறகுக்கட்டோடு எதிரே வந்தாள். பள்ளிபாளையத்துத் தறிக்காரருக்கு வெறுமனே வந்தாள். அதுவே போதுமாயிருந்தது. வேலைக்குத் தகுந்த கூலியைத் தினமும் கையோடு வாங்கிக்கொள்கிற நிம்மதியில் அன்றைக்கெல்லாம் நன்றாகத் தூங்கினாள்.

தவிட்டு வியாபாரி போன அன்று பிற்பகல், மாதையன் புறக்கடைப் பக்கம் மோர் வாங்கிக் குடித்தார்.

"அம்மிணி, உன்ற யாவாரம் வெள்ளிக்கெழமையோட முடிஞ்சுது. ஆத்தூர்ல ஜவ்வரிசி ஓட்டற சேகோ மில்லுக்காரங்க வாராங்க. இங்க கட்டிக்குடுத்த மகளுக்கு ஊடு பாக்கறாங்க."

"வரட்டுமுங்க. நானும் வாரேன்."

"வந்து? மில்லு மொதலாளியே உன்னையாட்ட வெள்ளச் சீலைதான். முத்தாயம்மாள்னு பேரு. அந்தம்மா கண்ணாடியிலயே தெனம் எதுக்கே வர்றதப் பாக்கறவங்க, உனக்கா பயப்படுவாங்க?"

சௌந்திரம் செம்பை வாங்கிக் கவிழ்த்தாள். "மாமாவுக்குத் தெரியுமுங்களா?"

"மில்லுக்காரங்கன்னு சொன்னேன். பொம்பளைன்னு சொன்னா அவரு வேண்டாம்பாரு, என்ற தரகு போயிரும். நீயும் சொல்லிப்போடாத."

அவள் சொல்லவில்லை. கையிலிருக்கிற அபசகுனம் வெள்ளிக்கிழமைக்கு மேல் செல்லாது. அதற்குள் விற்றுவிட வேண்டும். வாங்குவதற்கு ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார்.

அவரே வந்தார். அன்று பொழுது சாய அடுப்படி நிலையில் வந்து நின்று, முகத்தை அம்மிக்கல் பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு நாளைக்குப் பழனி போயிட்டு வா. பஸ்ஸுக்கு நான் தாரேன்."

"போலாமுங்க. ஆனா கிரயத்தன்னைக்குப் பத்திர ஆபீசுப் படியேறறப்ப நான் எதுக்கே வந்துட்டனுங்கன்னா? அது பொது எடமாச்சுங்களே."

மருதாசலம் ஒரு தையல் மிஷின் தருவதாகச் சொன்னார். பிறகு ஒரு எருமை. பிறகு புது வீட்டில் தனி அறை.

"பாதி" என்றாள் சௌந்திரம்.

"என்ன பாதி?"

"ஊடு விக்கறதுல பாதி. அவரு பங்குதானுங்க. அதுக்கு மேல சேத்தியொண்ணும் கேக்கலியே."

"தரலீன்னா?"

"ஒண்ணுமில்லீங்க. நான் பாட்டுக்கு ஊட்டுக்குள்ள நடந்துட்டிருப்பேன்."

கூட்டாளிகள் அன்று காலையில்தான் கடைசித் தவணை சொல்லி ஆளனுப்பியிருந்தார்கள். மறுநாளே மருதாசலம் பத்திர ஆபீசில், வீடு விற்கிறதில் பாதி அவளுக்கென்று எழுதிப் பதிந்து கொடுத்தார். மாதையன் சாட்சி. "இவ எதுக்கே வரமாட்டான்னும் அதுல எழுதுங்க" என்றார் மருதாசலம். பத்திரம் எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "அதையெல்லாம் முத்திரைத்தாள்ல எழுத முடியாதுங்க கவுண்டரே. வாயாலதான் வாங்கிக்கோணும்." அதனால் சௌந்திரம் ஆபீசு வேப்பமரத்தடியில் மூன்று முறை வாயால் வாக்குக் கொடுத்தாள். பத்திரத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அம்பாசிடர் வந்து நின்றது. மருதாசலம் எலுமிச்சம்பழத்தோடு படியிறங்கி ஓடினார். அடுப்படிக் கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துச் சௌந்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, தோல்பையோடு ஒரு அம்மாள் இறங்கினார். மருதாசலம் அவரைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒருத்தருமில்லீங்க. அம்மாதான் மொதலாளி" என்றார் மாதையன்.

பாதி வீட்டைக் கொடுத்து எதை நிறுத்தினாரோ, அது கார் ஏறி வாசலுக்கே வந்திருந்தது. மருதாசலம் மாதையனைப் பார்த்தார். பிறகு திரும்பி, அத்தனை தூரத்திலிருந்து, அடுப்படிக் கதவைப் பார்த்தார். ஆடிக்கு நான்கே நாள்.

"வாங்க… வலது காலை வெச்சு வாங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் விழுங்கி விழுங்கிச் சொன்னதைச் சௌந்திரம் நெய்ச்சோற்றைப்போல ருசித்தாள்.

முத்தாயம்மாள் தூணைத் தடவிப் பார்த்தார். காலண்டரைத் தூக்கி வெடிப்பையும் பார்த்தார். தரையைப் பார்த்தவர் அங்கேயே நின்றார்.

"யாரு வீட்டை இவ்ளோ நறுவிசா வெச்சிருக்கறது?"

"ஊட்டுப் பொம்பளைங்க…"

"அவங்களை வரச் சொல்லுங்க. எங்க ஒழுவும், கெணறு எந்த மாசம் வத்தும்னு அவங்க வாயால கேக்கணும். ஆம்பளைங்க பேச்சை நம்பி நான் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்குகூட வாங்கினதில்ல."

மருதாசலம் அடுப்படிக்கு வந்தார். "இந்தா, முன்னால வா."

"வாக்குக் குடுத்திருக்கனுங்க மாமா" என்றாள் உள்ளேயிருந்து. "மூணு தடவ."

"அதெல்லாம் இப்ப பேசாத. அந்தம்மா உன்னைப் பாத்தாத்தான் அட்வான்சு குடுப்பாங்களாட்டிருக்குது."

"எதுக்கே வந்தா ஆவாதுங்களே."

தோளிலிருந்த துண்டு உருவி இறங்குவது இடுக்கில் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் கேட்டிராத குரல் ஒன்று கதவின் மேல் வாயை வைத்துப் பேசியது.

"வா சாமி. கொஞ்சம் முன்னால வா சாமி."

அவளுக்கும் அந்தப் பணம் வேண்டும்; போகத்தான் போகிறாள். சௌந்திரம் மூலையிலிருந்து முறத்தை எடுத்தாள். இரண்டு படி அரிசியை அதில் கொட்டி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.