வில்லைச் சாமியின் முதல் பொய்

புதுச்சேரி மூலக்குளத்தில் யாரைக் கேட்டாலும் வில்லைச் சாமி இருக்கும் இடத்துக்கு வழி சொல்வார்கள். அங்கிருந்து வெளியேற வழி கேட்டுக்கொண்டிருந்தவர் சாமி ஒருவர்தான்.

காவியில் அவர் பெயர் ஆனந்தசீலர். அதற்கு முன் கலியமூர்த்தி, பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடியபோது, பாங்காக்கில் மில் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறினார். இறங்கிப் பார்த்தால் மில்லும் இல்லை, ஏஜென்டும் இல்லை. ஒரு புத்த மடத்தில் சோறு போட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. மொட்டை அடித்து பிக்கு ஆகிவிட்டார். அங்கிருந்த கிழட்டு குரு களிமண்ணை அச்சில் அழுத்திக் கட்டைவிரல் அகலத்துக்குப் புத்தர் வில்லைகள் செய்வார்; சனங்கள் அதைத் தாயத்தாகக் கட்டிக்கொள்வார்கள். மண் பிசையும் வேலை ஆனந்தசீலருக்கு. குரு போய்ச் சேர்ந்ததும் அச்சை எடுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பினார். குருவின் ஞாபகமாக நாலு வில்லை அழுத்திக் காயவைத்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

மிச்சத்தை மனை வியாபாரி விஜயராகவன் செய்தார். வில்லியனூர் ரோட்டை ஒட்டி அவர் போட்டிருந்த மனைகளில் மழை பெய்தால் தவளைகள் மட்டும் குடியேறின. நடுவில் ஒரு விகாரை கட்டினார். நிஜ அரசமரம் வளர நாளாகும் என்பதால் சிமெண்டில் ஒரு போதி மரம் நட்டு, இலைக்கெல்லாம் எனாமல் அடித்தார். 'போதி நகர்' என்று பலகை மாட்டி, உள்ளே பிக்குவைக் குடிவைத்தார். பிக்குவின் வில்லைக்கு மகிமை உண்டு என்று தானே சொல்லி, ஊரே சொல்வதாக அதையும் தானே சொன்னார்.

அப்புறம் சுனாமி வந்தது. குருசுக்குப்பத்து மீனவன் இராமதாஸ் அன்று காலை கடற்கரையில் இல்லை. வில்லை வாங்க மூலக்குளத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அலை வந்தபோது அவன் கழுத்தில் வில்லையே கிடையாது. ஆனால் வரிசையில் நின்றதற்கே இந்தப் பலன் என்றால் கட்டிக்கொண்டால் என்னவாகும் என்று புதுச்சேரி யோசித்தது. வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. ஊர்ச்சுவர்களில் எல்லாம் ஆனந்தசீலரின் முகம் ஒட்டப்பட்டது. அதற்கப்புறம் அவர் டீ குடிக்கப் போனாலும் பின்னால் ஒரு கும்பல் கை கூப்பிக்கொண்டே வந்தது. பாதுகாப்புக்காக என்று விஜயராகவன் வாசல் கேட்டுக்கு ஒரு வாட்ச்மேனைப் போட்டார். வாட்ச்மேன் வெளியே பார்த்து உட்காரவில்லை, உள்ளே பார்த்து உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஆனந்தசீலர் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். வில்லைக்குச் சக்தி உண்டு என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குக் காரணம் இருந்தது. காவியை விட்டு இறங்க இரண்டு வழி உண்டு என்று குரு சொல்லிக் கொடுத்திருந்தார். விவரம் புரிந்த ஒரு மனிதரிடம், 'நான் துறவை விடுகிறேன்' என்று சொல்லி, அவர் அதைப் புரிந்துகொண்டால் போதும். கௌரவமாக இறங்கலாம், மனசு மாறினால் பிற்பாடு திரும்பியும் ஏறலாம். இன்னொன்று, தன்னிடம் இல்லாத சக்தியை இருப்பதாகச் சொல்வது. சொன்ன அந்த நிமிஷமே அவன் பிக்கு இல்லை. இந்த ஜன்மத்தில் மறுபடி ஆகவும் முடியாது. தலையை வெட்டின பனைமரம் மாதிரி என்பார் குரு.

இப்போது விஜயராகவன் இரண்டாம் கட்ட மனைகளைத் திறக்கப் போகிறார். மேடையில் மைக்கைப் பிடித்து, சக்தி வில்லைக்குள் எப்படி இறங்குகிறது என்று சாமி விளக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் முதல் வழியில் இறங்கிவிட வேண்டும். புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும்.

முதலில் விஜயராகவனிடமே சொன்னார்.

"நான் காவியை விட்டுடப் போறேன்."

விஜயராகவன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு சாமி. புது ஆர்ச்சுக்குக் காவி பெயிண்ட் வாங்கி வச்சிருந்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு கேக்கமாட்டேன். வெள்ளையே அடிச்சிடறேன்."

அடுத்து அரிகிருஷ்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, நாலு ஊர் பார்த்தவர், புரிந்துகொள்வார் என்று நம்பினார்.

"மொசியே, இது வெறும் களிமண்ணு. நான் எல்லாத்தையும் உட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

சொல்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஒடம்பத்தானே சொல்றீங்க? களிமண்ணுதான். வீடுன்னா மேல இருக்குற வீடு. ஒரே வரியில சொல்லிட்டீங்களே சாமி!" அந்த வரியைக் கல்லில் வெட்டி போதி மரத்தடியில் பதிக்கும் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் ஒருநாள், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று, செல்வாம்பாள் வந்தாள். இராமதாஸின் மனைவி, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். தடுத்த வாட்ச்மேனிடம், "ஒத்து, கூடை இடிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னாள்.

"சாமி, அந்த ஆளு சாயங்காலம் கடலுக்குப் போறேங்குறாரு."

"கூண்டு ஏத்தியிருக்காங்களேம்மா?"

"அதனாலதான். ஒருத்தரும் போவமாட்டாங்க, நாளைக்கு நம்ம மீனு மட்டும்தான் மார்க்கெட்டுல நிக்கும்குறாரு. கழுத்துல வில்லை இருக்குதாம், கடலு ஒண்ணும் பண்ணாதாம்."

"அது வெறும் மண்ணும்மா. சத்தியமா வெறும் மண்ணு."

"எனக்குத் தெரியாதா சாமி? சுனாமி அன்னிக்கு நான் மார்க்கெட்டுல இருந்தேன். எனக்குந்தான் ஒண்ணும் ஆவல. என் கழுத்துல என்னா இருந்திச்சி? மீன் செதிலு இருந்திச்சி."

ஆனந்தசீலர் அவளையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே புரிந்துகொண்ட முதல் மனுஷி. அந்த ஒரு வாக்கியத்தை இப்போது இவளிடம் சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். சொல்ல வாய் திறந்தார்.

"என்னா சொல்ல வர்றீங்கன்னு தெரியுது," என்றாள் அவள். "சொல்தா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நீங்க கெளம்புறீங்க. கெளம்புங்க, நான் வேணாங்கல. ஆனா இன்னிக்கு வேணாம். அந்த ஆளு பொண்டாட்டி பேச்சக் கேக்கமாட்டாரு. கலியமூர்த்தி சொன்னாலும் கேக்கமாட்டாரு. சாமி சொன்னாத்தான் கேப்பாரு."

அவள் வந்த ஷேர் ஆட்டோவிலேயே போனார்கள். வாட்ச்மேன் விசிலடித்தபடி கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றுவிட்டார்.

குருசுக்குப்பத்தில் மற்ற படகுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறியிருந்தன. இராமதாஸ் மட்டும் தன் படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். சாமியைப் பார்த்ததும் கேனை வைத்துவிட்டு மணலில் விழுந்தான். "நானே ஆசீர்வாதம் வாங்க வரணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க!"

"இராமதாஸ், போவாத. காத்து சரியில்ல."

"நீங்க குடுத்தது இருக்கும்போது காத்து என்னா பண்ணும் சாமி?"

"அது களிமண்ணுப்பா. நானே பெசஞ்சது. அதுக்கு ஒரு சக்தியும் கெடயாது."

இராமதாஸ் சுற்றி நின்றவர்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். "பாத்தீங்களாடா? சக்தி இருக்கிறவங்க சொல்லிக்கமாட்டாங்கடா. மந்திரவாதின்னா சக்தி இருக்குது, எடுத்துட்டுப் போன்னு இந்நேரம் காசு புடுங்கியிருப்பான். இவுரு மண்ணுங்குறாரு பாரு!"

கூட்டம் 'ஆமாம்' என்று தலையாட்டியது. செல்வாம்பாள் தலையாட்டவில்லை. கடலை ஒரு தரம் பார்த்தாள், பிறகு ஆனந்தசீலரைப் பார்த்தாள். இராமதாஸ் படகைத் தள்ளத் தோள் கொடுத்தான். உதவிக்கு இரண்டு பேர் போனார்கள்.

அவருக்குத் தெரிந்த நிஜம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கைவசம் இருந்தது அந்த ஒரு பொய்தான்.

"நில்லுடா!"

அவர் குரல் அப்படி வரும் என்று அவருக்கே தெரியாது.

"அதுக்குச் சக்தி குடுத்தவன் நானு. ராத்திரி தியானத்துல ஒக்காந்து கடலப் பாத்தேன். ஒம் படகு கவுந்து கெடந்திச்சி. அப்பவே வில்லையில இருந்த சக்திய வாங்கிக்கிட்டேன். இப்ப ஒங்கழுத்துல தொங்குறது வெறும் மண்ணு. நான் திருப்பிக் குடுக்குற வரைக்கும் அதைக் கட்டுனவன் ஒருத்தனும் தண்ணியில காலு வைக்கக் கூடாது."

இராமதாஸின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. வில்லையைத் தொட்டுப் பார்த்தான். "ஆமா சாமி," என்றான், "காலையிலேருந்தே கொஞ்சம் கனம் கொறஞ்சாப்புலதான் இருந்திச்சி."

படகு மேட்டுக்கு ஏறியது. ஆண்களும் பெண்களும் வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள். ஆனந்தசீலர் நின்றுகொண்டே இருந்தார். விதிப்படி அவர் இனி பிக்கு இல்லை, இந்தப் பிறவியில் ஆகவும் முடியாது. உடம்பில் எதுவும் உதிரவில்லை, காவி அப்படியேதான் சுற்றியிருந்தது. செல்வாம்பாள் மட்டும் விழவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டோ நிக்குது சாமி," என்றாள்.

புயல் புதுச்சேரிக்கு வரவே இல்லை. நடுக்கடலில் மனசு மாறி வடக்கே நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. கரையில் ஒரு குடிசை ஓலைகூடப் பறக்கவில்லை. அன்று கடலுக்குப் போயிருந்தால் இராமதாஸ் கூடை கூடையாக மீனோடு திரும்பியிருப்பான். இதை யாரும் யோசிக்கவில்லை. புயலையே திருப்பி அனுப்பியவர் என்று விஜயராகவன் ஃபிளெக்ஸ் அடித்தார். இரண்டாம் கட்ட மனைகள் மேடை போடுவதற்கு முன்பே விற்றுப்போய்விட்டன. மூன்றாம் கட்டத்துக்கு நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு இன்னொரு வாட்ச்மேன் வந்தார்.

ஒரு வாரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் செல்வாம்பாள் வந்தாள். இப்போது அவளை யாரும் தடுக்கவில்லை, சாமி ஆட்டோவில் கூடவே ஏறிப் போன அம்மாள் ஆயிற்றே. கையில் தூக்குப்பாத்திரம்.

"நான் இப்ப சாமி இல்ல தெரியுமா?" என்றார் அவர் மெதுவாக. "அன்னிக்குச் சொன்னேன் பாரு, அதோட முடிஞ்சிபோச்சி. சும்மா துணியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"தெரியும். ஆட்டோவுல வர்றப்பவே ஒங்க மூஞ்சி அப்படித்தான் இருந்திச்சி." அவள் தூக்கைத் திறந்தாள். வஞ்சிர மீன் குழம்பு, சோறு. "பிக்குங்க மத்தியானத்துக்கு மேல சாப்புடமாட்டாங்களாமே. இனிமே ஒங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லல்ல? சூடா இருக்குது, சாப்புடுங்க."

குழம்பு வாசனை அறை முழுக்க நிறைந்தது. மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த நாட்களின் பசி அவருக்கு. இலை வேண்டாம், தூக்கிலேயே சாப்பிடலாம் என்று கையை நீட்டினார்.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தார். முகங்கள். சொல்தா, வாட்ச்மேன், குப்பத்து ஆட்கள், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. சாமி அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கை கூப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அவர் அதைத் தூக்கின்மேல் அப்படியே பிடித்தார்.

"ஆசீர்வாதம் பண்றாரு," என்றது வெளியே ஒரு குரல்.

செல்வாம்பாள் பெருமூச்சு விட்டு மூடியைப் போட்டாள். அவள் தூக்கை வெளியே கொண்டுபோனதும், அங்கே நின்றவர்கள் அந்தக் குழம்பை ஆளுக்கொரு சொட்டாக உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள்.