உள்ளளவு முந்நூற்று நாற்பது

பிடிவாதம் என்றால் சாதாரணப் பிடிவாதமா அது? அறுபது வயதில், உளி பிடித்த கையால் கம்ப்யூட்டரைத் தட்டி, தச்சர் இணையப் பக்கம் செய்ய உட்கார்ந்துவிட்டார். எல்லாம் பெண்டாட்டிக்காக.

செய்தித்தாளை வரி விடாமல் படித்து, ஊர் உலகத்தையே திட்டித் தீர்த்த அம்மாள் அவர். நோய் வந்து போனதில் பக்கப் பார்வை போயிற்று. நேரெதிரே ஒரு கையகலம்தான் தெரியும். பொடி எழுத்து புரியாது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் வரி திரையின் அந்தக் கோடிக்கு ஓடிவிடும். ஏழு மாதமாக எதையும் படிக்கவில்லை, யாரையும் திட்டவுமில்லை. அந்த அமைதியைத் தச்சரால் தாங்க முடியவில்லை.

வெளியூரில் வெப்சைட் வேலை பார்க்கும் மகள் ஃபோனில் சொல்லிக்கொடுத்தாள். மனைவிக்கு எதுவரை தெரிகிறது என்று தச்சர் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தார். "முந்நூத்தி நாப்பது பிக்சல்ப்பா" என்று திரைப் புள்ளிக் கணக்கில் சொன்னாள் மகள். எழுத்துக்கு இருபுறமும் முப்பது முப்பது இடைவெளி, ஆக நானூறு. பெட்டி செய்கிற ஆள் வெளியளவைத்தானே சொல்வார்? பக்கத்துக்கு அளவு சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், அகலம் நானூறு என்று எழுதினார். அன்றைய செய்தி ஒன்றையும் பெரிய எழுத்தில் போட்டார்.

மனைவி வந்து உட்கார்ந்தார். "பஸ் நிறுத்தத்தை வேற... என்னங்க இது? வரிக்கு வரி கடைசி வார்த்தையெல்லாம் எங்க போச்சு?"

எழுந்துவிட்டார். "வேணாங்க, இதோட விட்டுடுங்க. திரும்பத் திரும்ப ஏமாற எனக்குத் தெம்பில்ல."

அறைக்கதவு சாத்திக்கொண்டது. தச்சர் ஃபோனை எடுத்தார். மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, அங்க அகலம்னா உள்ளளவு. இடைவெளி அதுக்கு வெளியே சேரும். எழுத்து நானூறுக்கும் ஓடுது பாருங்க! அம்மாவுக்கு முந்நூத்தி நாப்பதுக்கு மேல தெரியாதே!"

"அடிப்பாவி! காலமெல்லாம் பெட்டி செஞ்சவன்கிட்ட இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டாத்தானே!"

நானூறை அழித்து முந்நூற்று நாற்பது என்று போட்டார். போய்க் கதவைத் தட்டினார்.

"ஒரே ஒரு தடவை பாரு. இதுவும் சரியா வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

உம்மென்ற முகத்தோடு அந்த அம்மாள் வந்தார். படித்தார். தலை இப்படி அப்படித் திரும்பவில்லை. ஒரு பத்தி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. தச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரைக் கேட்டு நிறுத்தத்தை மாத்துறாங்க? முட்டிவலிக்காரங்க அவ்வளவு தூரம் நடப்பாங்களா? அறிவு கெட்டவனுங்க! ஏங்க, பேப்பர் எடுங்க, மனு எழுதணும். இன்னிக்கே!"

எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! தச்சர் பேப்பரைத் தேடினார். மேஜையைத் தடவினார், இழுப்பறையைத் திறந்து மூடினார். எல்லாமே மங்கலாகத் தெரிந்தது.

"மேஜை மேலதானே இருக்கு!" என்று அதட்டினார் அந்த அம்மாள். "உங்க கண்ணுக்கு என்ன வந்துச்சு?"